பேனலுக்குள் நிற்கும் கம்பாசிட்டர்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் தேடுவதற்கு முன்னால் எழுத்தைப் பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. அச்சுத் தொழிலில் கொஞ்ச காலமாவது புரண்டு எழுந்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கலாம். கிடந்தால், எடுத்து அதன் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து காகிதத்தை அழுத்தி உட்கார்ந்த மேடு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஒரே அச்சாக வார்த்த ‘ஸ்ரீ’, இன்னும் கீழே இறங்கினால் மணமக்கள் பெயர் மட்டும் பெரிய எழுத்தில். அந்தப் பெரிய எழுத்து அச்சகத்தில் ஒரே வகைதான் இருந்தது என்பதால், எங்கள் ஊரில் அந்த வருஷம் கல்யாணமான அத்தனை பேரும் ஒரே எழுத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்று வருகிற பத்திரிகையில் தங்கத் தாள் பளபளக்கிறது, திறந்தால் அடுக்கடுக்காக விரிகிறது, மாப்பிள்ளைக்கு ஓர் எழுத்து, ஊருக்கு ஓர் எழுத்து, தாய்மாமன் பெயருக்கு இன்னொன்று. ஆனால் மணமகள் பெயரில் ‘ணி’யின் கொக்கி அடுத்த எழுத்தின் மேல் இடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடிப்பை விலக்கும் வசதி, பத்திரிகையை வடிவமைத்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. அந்த வசதி இருக்கும் பேனலை யாரும் திறக்கவில்லை. என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது அதற்காகத்தான்.

நான் எழுத்தைப் பார்க்கக் கற்றது காவிரிக் கரை ஊர் ஒன்றில், தேர்முட்டிக்கு எதிர்த் தெருவில் இருந்த சின்ன அச்சகத்தில், எழுபதுகளின் கடைசியில். கோடை விடுமுறையில் எடுபிடி வேலைக்கென்று போனவன், ட்ரெடில் மெஷினின் தாளச் சத்தத்திலும், மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனையிலும் அப்படியே தங்கிவிட்டேன். எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருப்பார். எதிரே சாய்வாக மரக் கேஸ்; அதில் சின்னச் சின்ன அறைகள்; அறைக்கு ஓர் எழுத்து. பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு 247 எழுத்து என்று மனப்பாடம் செய்தவனுக்கு அந்தக் கேஸ் வேறொரு நெடுங்கணக்கைக் காட்டியது. ‘க’ ஓர் அச்சு, ‘க்’ ஓர் அச்சு, ‘கி’ ஓர் அச்சு, ‘கு’ ஓர் அச்சு. ஆனால் ‘கா’ கிடையாது, காலைத் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். ‘கொ’வுக்கோ கொம்பு, ‘க’, கால் என்று மூன்று அறைக்குக் கை போய்வர வேண்டும். அவர் அந்த அறைகளைப் பார்ப்பதே இல்லை. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், வலது கை தானாகப் போய்வரும், இடது கையில் பிடித்த ஸ்டிக்கில் வரி தலைகீழாக வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று துண்டு ஈயம் சேர்ந்து ‘கொ’ ஆகிற அந்த நொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வரி முடிகிற இடத்தில்தான் அவருடைய முழுக் கவனமும் தெரியும். வரி ஸ்டிக்கின் அளவுக்கு இறுக்கமாக நிற்க வேண்டும். சொல்லுக்குச் சொல் ஸ்பேஸ் கட்டையைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார். அதற்கு மேலும் மயிரிழை இடம் இருந்தால் காகிதத்தைக் கிழித்துச் செருகுவார். நானும் செருகிப் பழகிய நாட்களில் ஒரு தடவை என் கையைத் தடுத்துச் சொன்னார்: “தம்பி, ‘ட’வுக்குப் பக்கத்துல எடம் தானாத் தெறந்து கெடக்கும். அங்க காகிதம் வெக்காத. ‘ப’வும் ‘ய’வும் ஒட்டி நிக்கிற எடமாப் பாத்து வை.” ‘ட’வின் வலது பக்கம் மேலே வெறுமையாக இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதிவந்த எழுத்து அது.

இன்று அக்கறையோடு செய்த தமிழ் ஃபாண்ட் ஒன்றைத் திறந்தால் அதற்குள் கெர்னிங் அட்டவணை இருக்கிறது. ‘ட’வுக்கு அடுத்து எந்த எழுத்து வந்தால் எவ்வளவு உள்ளே இழுக்க வேண்டும் என்று இணை இணையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் கெர்னிங் என்ற இடத்தில் ‘மெட்ரிக்ஸ்’ என்று தேர்ந்தால் மென்பொருள் அந்த அட்டவணையைப் படிக்கும். ‘ஆப்டிகல்’ என்று தேர்ந்தால் எழுத்தின் வெளிக்கோட்டைத் தானே அளந்து தன் போக்கில் இடம் விடும். ஃபாண்ட் செய்தவர் உழைத்திருக்கிறார் என்று தெரிந்தால் நான் எப்போதும் ‘மெட்ரிக்ஸ்’ பக்கம்தான். அந்த அட்டவணையில் எங்கள் கம்பாசிட்டர் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். அவர் கை இழுத்த இடமெல்லாம் அங்கே எண்ணாக இருக்கிறது.

அந்த அச்சகத்தில் இருந்தபோதுதான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்டுவந்த மாற்றங்களில் 13 எழுத்துகளை 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. சுழித்துக்கொண்டு கீழே இறங்கிய பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’வும், அவற்றின் ஒகர ஓகாரங்களும், தும்பிக்கை தூக்கிய ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’யும் விடைபெற்றன. புது வடிவத்துக்கென்று அச்சகம் புது எழுத்து எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ‘ல’வும் கேஸில் இருந்தது, ஐகாரக் கொம்பும் இருந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதிய ‘லை’. கொம்பும் காலும் மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோயின. பழைய தும்பிக்கை எழுத்துகள் எடைக்குப் போயின. படிக்க வரும் குழந்தைக்கு இது எவ்வளவு நல்லது என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படியேதான் நினைக்கிறேன். ஆனாலும் பழைய பதிப்பு எதையாவது பிரித்து, பக்கத்துக்கு நாலைந்து தும்பிக்கை உயர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது கண் அங்கே கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் நகர்கிறது. உங்கள் பாட்டியின் கடிதத்தில் அந்த ‘லை’ இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தும்பிக்கையைத் திரும்பக் கொண்டுவரவும் இன்று வழி இருக்கிறது. ஓப்பன்டைப் என்ற இன்றைய வகை ஃபாண்ட் ஒன்றில் ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்து, அவற்றை ‘ஸ்டைலிஸ்டிக் செட்’ என்ற தொகுப்புகளாகப் பிரிக்கலாம். ஒரு ஃபாண்டில் 20 தொகுப்பு வரை வைக்கலாம். வரைபவர் மனம் வைத்தால் அதில் ஒன்றைப் பழைய வடிவங்களுக்கு ஒதுக்கலாம். பக்கத்தை வடிவமைப்பவர் ஒரே சொடுக்கில் அந்தத் தொகுப்பைப் போட்டால் புத்தகம் முழுவதும் தும்பிக்கை திரும்பி வரும், எடுத்தால் போய்விடும். உள்ளே இருக்கிற உரை மாறவே மாறாது. தேடினால் கிடைக்கும், வெட்டி ஒட்டினால் சரியாக ஒட்டும். எடைக்குப் போட்ட எழுத்தை இப்படித் திரும்ப வரவழைக்கலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அந்த அச்சகமே வேலையை நிறுத்திவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்திருக்கும்.

ஈய எழுத்தில் இன்னொரு செல்வம் இருந்தது. அது போனதை நாங்கள் வெகு காலம் உணரவே இல்லை. 8 பாயிண்ட் எழுத்தும் 24 பாயிண்ட் எழுத்தும் ஒன்றின் பெரிதாக்கம் இன்னொன்று அல்ல; அளவுக்கு அளவு தனியாக வெட்டி வார்த்தவை. சின்ன அளவில் ‘ண’வின் சுழி, ‘ஜ’வின் வளைவு, ‘இ’யின் உள்வட்டம் எல்லாம் மை அடைக்காதபடி கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கும்; பெரிய அளவில் அதே கோடுகள் மெலிந்து ஒயிலாக வளையும். 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் சின்ன அளவுத் தமிழ் எழுத்தை எவ்வளவு தெளிவாக உருவாக்கினார் என்பதை 1862இல் அங்கே அச்சான வின்ஸ்லோவின் தமிழ் அகராதியில் இன்றும் பார்க்கலாம். நூலகத்தில் கிடைத்தால் ஒரு பக்கத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடி இல்லாமலேயே படித்துப் பாருங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரை ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டது; 1994இல் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது. பேஜ்மேக்கர் திருவல்லிக்கேணிச் சந்துக்குள் வந்து, மேன்ஷன் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்தபோது நான் சென்னைக்கு வந்திருந்தேன். டி.டி.பி. சென்டர் என்று பலகை எழுதாத தெரு இல்லாத காலம். பாமினி, வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ என்று ஃபாண்ட்களின் பெயரை நண்பர்களின் பெயர்போல உச்சரித்தோம். ஈயத்தைத் தொட்ட விரலுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். எழுத்து தீர்ந்துபோகாது! நூறு பக்கம் முழுக்கக் கொம்பாகவே அடித்தாலும் கேஸ் காலியாகாது. தலைப்பை 24 பாயிண்டிலிருந்து 31 பாயிண்டுக்கு ஏற்றலாம், பிடிக்காவிட்டால் இறக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரேசிங் தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கருப்பு அடர்த்தியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறபோது அந்த வயதில் ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது. அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றும் பிரியம்தான். அவன் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அந்த ஃபாண்ட்களுக்குள் இடம் மொத்தமே 256. அதில் கட்டளைகளுக்குப் போனது போக, ஆங்கிலமும் கூடவே வேண்டுமென்றால் அதற்கும் கொடுத்தது போக, மிச்சத்தில்தான் தமிழ் குடியிருக்க வேண்டும். இடம் போதாததால் பல ஃபாண்ட்களில் ஒரே ஒரு கொக்கியை வைத்து ‘கி’க்கும் ‘மி’க்கும் ‘லி’க்கும் அதையே மாட்டினார்கள். ‘ண’வின் அகலத்துக்கும் ‘ர’வின் ஒடுக்கத்துக்கும் ஒரே கொக்கி எப்படிப் பொருந்தும்? எழுத்தும் அதன் கொக்கியும் தொடாமல் நின்றன, அல்லது குத்திக்கொண்டு நின்றன. ஈயத்தில் ‘கி’ தனி, ‘ணி’ தனி என்று வார்த்துக் கொடுத்தவர்களின் உழைப்பு அங்கே ஒரு தலைமுறைக்கு மறைந்தது. போதாதற்கு, ஃபாண்டுக்கு ஃபாண்ட் குறியேற்றம் வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தபோது நாங்கள் பெருமூச்சு விட்டோம். அதற்குள் எத்தனையோ புத்தகங்கள் பழைய குறியேற்றங்களில் ஃப்ளாப்பிக்குள் போய்விட்டிருந்தன. அவற்றை இன்று யூனிகோடுக்கு மாற்றும்போது காலுக்குப் பதில் ‘ர’ வந்து உட்காருவதைப் பதிப்பாளர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்ததால் அன்று அடித்தவர்களே அப்படித்தான் அடித்தார்கள்.

வரைகலை மென்பொருளான கோரல்டிராவில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு நினைவு இருக்கும். ஒரு சொல்லைத் தேர்ந்து ஷேப் டூலை எடுத்தால் ஒவ்வோர் எழுத்தின் காலடியிலும் சின்னக் கட்டம் ஒன்று தோன்றும். அந்தக் கட்டத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் எழுத்து நகரும். நான் ‘ட’வைப் பற்றிக் கற்றதையெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் செலவழித்தேன். புத்தக அட்டையின் தலைப்பு ஒன்றுக்கு ஒரு சாயங்காலமே போகும். கொக்கியைப் பிரித்து, வளைத்து, எழுத்தோடு ஒட்டவைத்து, கடைசியில் கண்ட்ரோல் க்யூவைத் தட்டி எழுத்தைக் கோடாக்கிவிட்டால், எந்த ஊர் அச்சகத்துக்கு அனுப்பினாலும் ஃபாண்ட் இல்லை என்ற பேச்சே வராது. ஆனால் அதற்குப் பிறகு அது எழுத்து இல்லை, படம். ஒரு பெயரில் பிழை கண்டுபிடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தலைப்பு என்றதும் ஆதிமூலத்தைச் சொல்லாமல் நகர முடியாது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் கையால் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஒரே சொல்லில் ‘க’ இரண்டு தடவை வந்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கும். முதல் ‘க’ அடுத்த எழுத்துக்கு இடம் கொடுத்து ஒதுங்கும், இரண்டாவது முடிகிற இடத்தில் தாராளமாக வீசி நிற்கும். வாரப் பத்திரிகையில் தொடர்கதைத் தலைப்பின் எழுத்தைப் பார்த்தே கதையின் குணத்தை ஊகித்தோம் அல்லவா? திகில் கதையின் தலைப்பு உடைந்து சொட்டும், குடும்பக் கதையின் தலைப்பு நிதானமாக உட்கார்ந்திருக்கும். ஃபாண்ட் வந்த பிறகு எல்லா ‘க’வும் ஒரே ‘க’ ஆயிற்று. தமிழ் அச்சில் நேர்ந்த இழப்புகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அந்த இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டும் கருவி வந்து வெகு நாளாகிறது என்பதைத்தான் நான் பார்க்கிற இளைஞர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து ஓப்பன்டைப்பை அறிவித்தது 1996இல். 256 இடம் இருந்த வீட்டில் 65,000க்கும் மேற்பட்ட இடம் வந்தது. தமிழின் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் அதற்கே உரிய கொக்கியோடு தனி வடிவம் வரையலாம், அதே ‘க’வுக்கு நாலு வடிவம் வைக்கலாம், பக்கத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்று பார்த்து எந்த வடிவம் வர வேண்டும் என்று விதியும் எழுதலாம். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்து பாருங்கள், ஃபாண்டில் மாற்று வடிவம் இருந்தால் அது எழுத்தின் அருகிலேயே தோன்றும். கிளிஃப்ஸ் பேனலைத் திறந்தால் கேஸை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாற்போல எல்லா வடிவமும் கண் முன்னால்.

இவ்வளவும் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் ஒரு காரியம் செய்ய வேண்டும். அதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அடோபி மென்பொருளில் வரியை அமைக்கும் சாதாரண கம்போசர் அதைச் செய்யாது. 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பிலிருந்து இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கென்று வேர்ல்டு-ரெடி கம்போசர் இருக்கிறது. பாராகிராஃப் பேனலின் மெனுவில் அதைத் தேர்ந்துவிட்டால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அதே 2012இல்தான் கோரல்டிரா எக்ஸ்6உம் ஓப்பன்டைப் வசதிகளோடு வந்தது.

போன வருஷம் ஒரு பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, திரையில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டி, “சார், இதனாலதான் நாங்க பழைய ஃபாண்டுக்கே போயிடறோம்” என்றாள். “கொஞ்சம் தள்ளிக்கம்மா” என்று சொல்லி அந்த மெனுவைத் திறந்து காட்டினேன். பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் சரியானதைப் பார்த்த அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, முதல் தடவை ஸ்டிக்கில் ‘கொ’ சேர்ந்தபோது நானும் அடைந்திருப்பேன். பழைய ஃபாண்டுக்குத் திரும்பிப் போக வழியும் குறுகிவிட்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை ஃபாண்ட்களை 2023 ஜனவரியோடு அடோபி கைவிட்டுவிட்டது.

பேனலுக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்பதற்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தில் எண்கள் எல்லாம் ஒரே அகலத்தில் வார்க்கப்பட்டிருக்கும். விலைப்பட்டியலோ பஞ்சாங்கமோ, ஒன்றன் கீழ் ஒன்று அடுக்கினால் பத்தி தானாக நேராக நிற்கும். இப்போதைய ஃபாண்ட்களில் உரைநடைக்கென்று ‘1’ ஒடுங்கியும் ‘8’ அகன்றும் இருப்பதுண்டு. பட்டியல் கோணிக்கொண்டு போகும். அதே ஃபாண்டில் பட்டியலுக்கென்று ஒரே அகல எண்களையும் வைத்திருப்பார்கள். ஓப்பன்டைப் மெனுவில் ‘டேபுலர்’ என்று இருப்பதைத் தேர்ந்தால் வந்துவிடும். ‘௧, ௨, ௩’ என்ற தமிழ் எண்கள், தாத்தா கணக்கு நோட்டில் எழுதிய நாள் குறி ‘௳’, மாதக் குறி ‘௴’, வருஷக் குறி ‘௵’, ரூபாய்க் குறி ‘௹’ எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் இருக்கிறது. பின்ன எண்களும் பழைய அளவைக் குறிகளுமாக மேலும் 51 குறிகள் 2019இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. ஈய எழுத்துக் காலத்திலேயே பல அச்சகங்களில் கிடைக்காதவை இவை.

வரி முறிப்பு பற்றிப் பேசாமல் விட்டால் கம்பாசிட்டர் என்னை மன்னிக்க மாட்டார். தமிழ்ச் சொல் நீளமானது; நான்கு சொல் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்கும். பத்தியை இரண்டு ஓரமும் நேராக நிறுத்தினால் நடுவில் வெள்ளை ஆறுகள் ஓடும். அவர் சொல்லை முறிப்பார், ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்க விடமாட்டார். பெயரின் முன்னெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் பிரிய விடமாட்டார். பத்தியின் கடைசி வரியில் ஒற்றை எழுத்து அநாதையாக நிற்க விடமாட்டார். இன்றோ பலர் இன்டிசைனில் மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று குறிக்காமல் ‘ஆங்கிலம்’ என்றே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆங்கில விதிப்படி தமிழ் உடைகிறது. மொழியைத் தமிழாக்குவதும், முன்னெழுத்துக்கும் பெயருக்கும் இடையே பிரியாத இடைவெளி போடுவதும் சில நிமிட வேலை. 1992இல் முதல் பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்திருப்பவர்கள் அதன் பக்கங்களைக் கவனித்துப் பாருங்கள். அந்தக் காலக் கருவிகளோடே அவ்வளவு ஒழுங்கைக் கொண்டுவர முடிந்திருக்கிறது என்றால், கவனித்த கண்தான் காரணம்.

பேஜ்மேக்கர் நாட்களில் தலைப்பு நீளமாக இருந்தால் எழுத்தின் அகலத்தை 70 சதவீதமாக நசுக்கினோம். படுக்கைக் கோடு அப்படியே இருக்க, நிற்கிற கோடு மட்டும் மெலிந்து, எழுத்து பட்டினி கிடந்ததுபோல ஆகும். அதற்கு விடை 2016 செப்டம்பரில் வந்தது: அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்த வேரியபிள் ஃபாண்ட். ஒரே கோப்பில் கனமும் அகலமும் தொடர்ச்சியாக மாறும். எழுத்துரு வரையும் ஏக் டைப் குழுவின் ‘அனேக்’ வரிசையில் ஆதர்ஷ் ராஜன் வரைந்த அனேக் தமிழை எடுத்து அகலத்தை மாற்றும் ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள்; ஒடுங்கும்போது ‘ண’வின் சுழிகள் நசுங்காமல் தாமே வேறு விதமாக வளைந்துகொள்ளும், கோட்டின் கனம் கெடாது. இலவசமாகவே கிடைக்கிறது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், தாரிக் அஸீஸின் பவனம் ஆகியவையும் அப்படித்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் வரைந்த இணைமதி ஆப்பிள் கணினிகளில் தமிழைக் காட்டியது; 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவரும் அவரே. வேரியபிள் ஃபாண்டில் அளவுக்கேற்ப வடிவம் மாறும் வசதியும் வைக்கலாம்; 8 பாயிண்டில் சுழி திறக்கும், 24 பாயிண்டில் கோடு மெலியும். ஹண்ட் ஈயத்தில் செய்ததை இனி கோப்புக்குள் செய்யலாம். லத்தீன் எழுத்துகளுக்கு அது வழக்கமாகிவிட்டது. தமிழுக்கும் அது வழக்கமாக வேண்டும் என்பதே என் ஆசை.

போனவை போனவைதான். ஈரம் காயாத புரூஃபின் வாசனை, அச்சடித்து முடித்த ஈய எழுத்துப் பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து அறைக்குள் போடும் சின்னச் சத்தம், ஒரே வரியைக் கோர்த்தவர், திருத்தியவர், பிரித்தவர் என்று மூன்று பேர் தொட்டுப் பார்த்த காலம் எல்லாம் திரும்பாது. திரும்ப வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்த மூன்று பேரின் வேலையையும் இப்போது ஒருவரே, ஒரு நாற்காலியில், மாலைக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தோடு செய்கிறார். அவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை. பேனலைத் திறந்து பார்க்க அவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று பதிப்பாளர்களைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். பழைய புத்தகங்களில் அச்சகத்தின் பெயர் இருக்கும், கம்பாசிட்டர் பெயர் இருக்காது. அவர் யார் என்று இன்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இப்போது எழுத்துருவை வரைந்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். உங்கள் அடுத்த புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில், அட்டை ஓவியரின் பெயருக்குக் கீழே, எழுத்துருவின் பெயரையும் அதை வரைந்தவரின் பெயரையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.